கொத்தவரங்காய் வற்றல் பூஞ்சை பிடித்தது

சித்திரை 9, புதன்

சுள்ளென்று வெயில். வற்றல் போட ஆரம்பம். கொத்தவரங்காய் மூணு வீசை, கத்தரிக்காய் ஒரு வீசை, சுண்டைக்காய் அரைப்படி. மாமியார் உத்தரவு: "மடியாப் போடு. வருஷம் பூரா வரணும். வேற ஒருத்தர் கை படப்படாது." குளித்து, ஈரப்புடவையோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்து, மொட்டை மாடியில் வேஷ்டி விரித்துப் பரப்பினேன். உள்ளங்கால் கொப்புளம். காக்காய்க்குக் கறுப்புத் துணி கட்டியாச்சு. இவர் சட்டைக்குப் பட்டன் தைக்க மறந்தே போச்சு.

10, வியாழன்

மத்தியானம் கண் அசந்துவிட்டேன். திடீரென்று தூறல். மறுபடி குளித்து மடி உடுத்தி ஏறுவதற்குள் எல்லாம் ஊறிவிடும். மாமியார் கோவிலில் கதை கேட்கப் போயிருந்தார். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முனியம்மாவிடம் சொன்னேன், வேஷ்டியோடு சுருட்டி மாடி அறையில் வை என்று.

"நான் தொடலாமாம்மா? பெரியம்மா இன்னா சொல்லும்?"

"நான் பாத்துக்கறேன். ஓடு."

ஓடினாள். ஒரு காய் நனையவில்லை.

12, சனி

இரண்டு நாளாக நல்ல வெயில். கையில் எடுத்தால் சலசல. சாயங்காலம் கடற்கரைக்குப் போக இவர் அவசரம். சூடு ஆறட்டும் என்று காத்திராமல் அப்படியே ஜாடியில் கொட்டி மூடிவிட்டேன். கடற்கரையில் நல்ல காற்று. புடவைத் தலைப்பெல்லாம் மணல்.

26, சனி

ஜாடியைத் திறந்தால் கொத்தவரங்காய் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூத்துவிடும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மாமியார்: "மடி கெட்டிருக்கு. யார் தொட்டா?"

அடுத்தாத்து மாமி மதிலுக்கு மேலிருந்து: "அன்னிக்குத் தூறல்ல உங்காத்து முனியம்மா மாடியில மூட்டையோட நின்னுண்டிருந்தாளே."

கூப்பிட்டுக் கேட்டார். முனியம்மா என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைப் பார்த்தேன்.

"நான்தாம்மா தொட்டேன். மய வந்துச்சு, நனஞ்சிடுமேன்னு எடுத்தேன்."

"நாளைலேர்ந்து வராதே."

பதினோரு வருஷமாக இங்கே வேலை. ஐப்பசியில் எனக்கு ஜுரம் கண்டபோது ரெண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் கால் பிடித்துவிட்டவள். என் பெயரைச் சொல்லவேயில்லை.

27, ஞாயிறு

பாத்திரம் நானே தேய்த்தேன். சாம்பல் பட்டு விரலெல்லாம் எரிச்சல். எரியட்டும். கொல்லைக் கதவு ஆடினால் அவள்தானோ என்று பயம். எந்த முகத்தோடு பார்ப்பது? இவரிடம் சொல்ல வாயெடுத்தேன். செய்தித்தாளை விட்டு நிமிரவில்லை.

28, திங்கள்

தாங்க முடியவில்லை. காலையில் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். எடுக்கச் சொன்னது நான், சூட்டோடு மூடினதும் நான். பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் விளக்குத் திரி திரித்துக்கொண்டே, "அவ உன்னைப் பாத்தப்பவே புரிஞ்சுடுத்து" என்றார்.

"அப்போ ஏம்மா அவளை..."

"மாட்டுப்பொண்ணை வெளில நிறுத்த முடியுமா? ஊர் சிரிக்கும். வேலைக்காரி வேற வருவா. போய் இலையைப் போடு."

அவளைத் திரும்பக் கூப்பிடலாமே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. தப்பித்தேன் என்று மனசு லேசாகிவிட்டது. வெட்கக்கேடு. இலை போட்டேன். நன்றாகப் பசித்தது. இரண்டு தரம் சாதம் போட்டுக்கொண்டேன்.