வேரோடு எடுத்த முல்லை

அன்புள்ள உங்களுக்கு,

செஞ்சி வீட்டுக் கொல்லையில் இருந்த முல்லைக்கொடியைப் பெயர்த்து, மேல்சித்தாமூரில் என் அப்பா வீட்டில் நட்டுவிட்டேன். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேர்மண்ணை ஈரச்சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்தேன். தோண்டுமுன்பே தண்டில் கிழக்கே பார்த்த பக்கத்தில் அடையாளத்துக்குச் சுண்ணாம்பு தடவியிருந்ததால் இங்கும் திசை மாறாமல் வைக்க முடிந்தது.

நான் தோண்டும்போது உங்கள் அம்மா வந்தார்கள். "ஒரு கிளைய ஒடிச்சுனு போனா போதாதாம்மா? வேரோட இன்னாத்துக்கு?" என்றார்கள். நான் தோண்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள், மண்புழு வெட்டுப்பட்டுவிடும் என்று மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளினார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள்.

பாப்பாவை இங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று. கொடியில் இலையெல்லாம் உதிர்ந்து, நேற்று அடியில் துளிர் விட்டது.

பந்தல் நீங்கள் போட்டது. அதை விட்டுவந்தேன். கம்பியில் காய்ந்து சுற்றியிருக்கும் மீதிக் கொடியை, சென்னையிலிருந்து என்றைக்காவது வந்தால் நீங்களே பிரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா