நாலு கவரும் ஒரு தையலும்

மே 11
ப்ளஸ் டூவில் ஜோயா மார்க் அறுநூறுக்கு ஐந்நூற்று முப்பத்தொன்று. கடைக்கு பேண்ட் தைக்க வந்தவர், வழி கேட்க வந்தவர் யாரையும் விடவில்லை, எல்லோரிடமும் சொல்லியாச்சு. என் மகளுக்கு வேதியியல்தான் வேண்டுமாம். அதுவும் அண்ணா நகர்ப் பக்கம் இருக்கிற மகளிர் கல்லூரியில். மற்ற மூன்று காலேஜும் சும்மா ஒரு தைரியத்துக்கு.
விண்ணப்ப வேலை முழுக்க என் பொறுப்பு என்றேன். ஜஹானாரா சிரிக்கிறாள். "ரேஷன் கார்டை ரெண்டு தபா தொலைச்ச மனுஷன்" என்றாள். நிக்காஹ் புக்கைத் தொலைத்திருந்தால் பிழைத்திருப்பேன் என்றேன். தோசைக்கரண்டி தலைக்கு மேலே வந்தது.

மே 13
கடையில் ஒவ்வொருத்தர் துணிக்கும் தனிக் கவர், மேலே ஒரு சீட்டு, அதில் டெலிவரி தேதி. காலேஜுக்கும் அதே கணக்கு. நாலு கவர். அரசுக் கல்லூரிக்குப் பச்சைத் துணி குத்தினேன், மகளிர் கல்லூரிக்குச் சிவப்பு. கடைசித் தேதியை மட்டும் ரெண்டு நாள் முன்னாடி போட்டு வைத்தேன். முப்பது வருஷமாகத் தேதியில் பொய் சொன்ன வாய், திடீரென்று நிஜம் பேசுமா?

மே 16
விஜியின் கம்ப்யூட்டர் சென்டரில் நாலும் அனுப்பியாச்சு. ஓடிபி என் போனுக்கு வருமாம். போன் எங்கே? கடையில், அயர்ன் பாக்ஸ் பக்கத்தில். ஓடிப்போய் எடுத்து வந்தால் நேரம் முடிந்துவிட்டது என்கிறது கம்ப்யூட்டர். "அடுத்த தபா டேப்போட சேத்து போனையும் கழுத்துல மாட்டிக்கினு வாங்க, பாய்" என்றாள் விஜி. நல்ல யோசனைதான்.

மே 17
ரசீதெல்லாம் அந்தந்தக் கவரில். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் — அழகு.

மே 27
பள்ளியில் டி.சி. கொடுத்துவிட்டார்கள். மூன்று மார்க் ஷீட், சாதிச் சான்று, டி.சி. மொத்தம் ஐந்து ஒரிஜினல். கடை ஃபேனில் ஒன்று பறந்து வெட்டுத்துணிக் குவியலுக்குள் போய்விட்டது. கிடைக்கிற வரைக்கும் எனக்கு உயிரில்லை.
ஸ்டேப்ளர் பின் துரு பிடிக்கும். கிளிப் கழன்றுவிடும். ஐந்தையும் ஓரம் சேர்த்து மெஷினில் வைத்து ஒரே ஓட்டு. வெள்ளை நூல், நேர்க்கோடு. இனி ஒரு தாளும் நகராது. ஜோயாவிடம் காட்டவில்லை. காலேஜில் பார்த்து அசரட்டும்.

ஜூன் 3
சிவப்புக் கவர் ஜெயித்தது. நாளை மறுநாள் ஒரிஜினலோடு வரச் சொல்லி மெசேஜ். ஜோயா மூன்று முறை படித்துக் காட்டினாள்.

ஜூன் 5
இன்னா வேலை பண்ணி வெச்சிருக்கேன் நான்.
கவுன்ட்டரில் ஆக்னஸ் என்று ஒரு மேடம். டி.சி. காலேஜிலேயே இருக்கணும், அதை மட்டும் தனியா குடுங்க என்றார். பின்னாடி பெரிய கியூ. கையில கத்திரி இல்ல. இழுத்துட்டேன். நூலை வெட்டித்தான் பிரிக்கணும்னு தையல்காரனுக்குத் தெரியாதா? ஊசி ஓட்டை வரிசையா இருந்துச்சா, ஸ்டாம்பு கிழியற மாதிரி கிழிஞ்சுது. ஓரத்தோட நிக்கல. உள்ள ஓடி, பள்ளிக்கூட முத்திரை பாதி, நம்பர் பாதி. மார்க் ஷீட்டுங்க ஓட்டையோட தப்பிச்சுது.
மேடம் கத்தவில்லை. "இதை எடுக்க முடியாதுங்க ஐயா. நாளைக்கு நாலு மணிக்குள்ள ஸ்கூல்ல கேட்டு ஏதாவது கொண்டாங்க. இல்லன்னா சீட்டு அடுத்த பொண்ணுக்குப் போயிடும்."
பூந்தமல்லிக்கு வீடு திரும்புற பஸ்ஸுல ஜோயா அந்தக் கிழிசலை ஒட்டு சேத்து சேத்துப் பாத்துக்கினே வந்தா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.
பக்கத்துக் கடைப் பரந்தாமன், தொலைந்துவிட்டதாகப் போலீசில் எழுதிக் கொடு என்கிறான். வாணாம். அவ பேப்பர்ல பொய் வாணாம்.

ஜூன் 6
எட்டரைக்கே பள்ளி வாசலில் நின்றோம். தலைமையாசிரியர் ராஜசேகரன் சார் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது டி.சி.க்கு மேலே அனுமதி வாங்கணும், பத்து நாள் ஆகும். அதுவரை பள்ளியில் இருக்கிற டி.சி. அடிக்கட்டையை நகல் எடுத்து, அதில் கையெழுத்துப் போட்டு, கூடவே ஒரு கடிதமும் தருகிறேன், ஏற்பதும் மறுப்பதும் காலேஜ் இஷ்டம் என்றார். ஆனால் எப்படிக் கிழிந்தது என்று எழுதித் தரணும். ஜோயா பேனாவை எடுத்தாள். "அப்பாவே எழுதட்டும்மா" என்றார்.
நான் அஞ்சாங்கிளாஸ். இந்த டைரியைத் தவிர யாருக்கும் எதுவும் எழுதினதில்லை. அஞ்சு வரிக்கு அரை மணி நேரம். 'தாள் பறக்கக் கூடாது என்று நானே மெஷினில் தைத்தேன். நானே இழுத்துக் கிழித்தேன். மகளுக்குத் தெரியாது. அவள் மேல் தப்பு இல்லை. அவள் நன்றாகப் படிப்பாள்.'
சார் படித்துவிட்டு, கால் மெஷினா பவர் மெஷினா என்று கேட்டார். கால் மெஷின் என்றேன். அதையும் எழுதச் சொல்வாரோ என்று பயந்தேன். முத்திரை குத்தினார்.
மூன்று இருபதுக்குக் கவுன்ட்டர். ஆக்னஸ் மேடம் கடிதங்களை உள்ளே கொண்டுபோனார். பத்து நிமிஷம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு கிண்டலும் வரவில்லை. மேடம் வெளியே வந்து, புது டி.சி. வந்ததும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று ஜோயாவிடம் அட்மிஷன் ரசீதை நீட்டினார்.
நான் கை நீட்டினேன். அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
"உங்க கைல குடுத்தா இதுக்குக் காஜா எடுத்துப் பட்டனும் வெச்சுடுவீங்க, அத்தா."
பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 18
புது டி.சி. ஜோயாவே வாங்கி, ஜோயாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் கண்ணால் பார்த்ததோடு சரி.

ஜூலை 2
ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறாள். லேப் கோட் கேட்டிருக்கிறார்களாம். ரெடிமேடே வாங்கிக்க என்று ஜஹானாரா சொன்னதற்கு, அத்தா தைக்கட்டும் என்றாளாம்.
சாயங்காலம் கடைக்கு வந்து நின்றாள். அளவெடுத்தேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி யூனிஃபார்முக்கு எடுத்தபோது தோள் பதிமூன்றரை. இப்போது பதினாலு. நோட்டில் பழசை அடித்துவிட்டுப் புதுசை எழுதினேன்.