செம்புக் கம்பி சுற்றிய கோப்பை

மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான எரிச்சல், மற்றபடி நலம். நல்ல வேலையை உதறிவிட்டுப் பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்கப் போனாய், அன்றிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை, சரி. அதற்காக, போன மாதம் மூடிக்கிடக்கும் எங்கள் காகித ஆலை வரைக்கும் வந்தவள், வீட்டு வாசலை மிதிக்காமல், அம்மாவைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போவதா? அது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் போவதில்லை. ஆனால் கண்காட்சிக்கென்று நீ எடுத்து அவளுக்கு அனுப்பிய படங்களை, அவள் குளிக்கப் போன நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தை எடுத்திருக்கிறாயே, அசந்துபோனேன். வேறு எவனாக இருந்தாலும் நின்றபடி எடுத்திருப்பான். நீ மேசை மட்டத்துக்குக் குனிந்திருக்கிறாய். அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தெரிகிறது. தூசியைத் துடைக்காமல் விட்டாய் பார், அந்தப் பக்குவத்தை எங்கே கற்றாய்? மேனேஜர் அறைத் தரையில் நாற்காலிக் கால் பதிந்த வட்டங்கள் மட்டும் இருக்கின்றன. ஆலையை மூடுவதற்கு முந்தின வாரமே அந்த மனிதர் தன் மெத்தை நாற்காலியை வீட்டுக்குக் கடத்திவிட்டார். இத்தனை வருஷம் நான் சொல்லி யாரும் நம்பாததை உன் படம் சொல்கிறது.

ஒரு சொல்தான் தொண்டையில் நிற்கிறது. கைப்பிடியில் செம்புக் கம்பி சுற்றிய கோப்பைக்குக் கீழே, ‘கைவிடப்பட்டது, யாருடையதோ தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் எதையும் கைவிடவில்லையம்மா. சாப்பிடப் போனோம், திரும்பி வந்தால் கேட்டில் பூட்டு தொங்கியது. பாதித் தேநீர் உள்ளே அந்தக் கோப்பையில் அப்படியே இருந்தது. நீ எடுத்திருக்கும் கறை அதுதான். நேற்று உன் அத்தை வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “ஒடஞ்ச கோப்பையப் படம் புடிக்கத்தான் பெத்தவங்களக் கைவிட்டுட்டுப் போனாளா?” என்று கேட்டாள். “அது என் கோப்பை. அவ யாரையும் கைவிடல” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை.

அந்த வரியை மாற்று. மறுபடி அங்கே போனால் பின்னறையில் இருக்கும் அமில பாட்டில்களைத் தொடாதே, மூடியைத் திறந்தால் மூச்சு முட்டும். கனமான ஷூ போட்டுக்கொள். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா, உன்னோடு போட வேண்டிய சண்டை நிறைய மிச்சம் இருக்கிறது. உன் கண்ணும் கையும் இதேபோல் நெடுங்காலம் சேர்ந்து உழைக்கட்டும்.

கையெழுத்துப் போடத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன். வேண்டாம், போடாமலே தபாலில் சேர்க்கிறேன். இதுவாவது யாருடையது என்று உனக்குத் தெரிகிறதா பார்ப்போம்.