மூன்றாம் பக்கத்தில் தம்பி

மார்ச் 4
மழை. காகிதச் சுருள் ஏற்றிய லாரி வாசலிலேயே மக்கர் செய்தது. ஓட்டுநரும் நானும் தார்ப்பாய் பிடித்தோம். பத்திரிகை முதலாளி என்றால் நாற்காலி வேலை என்று யார் சொன்னது? தோள்பட்டை விண்விண் என்கிறது. மற்றபடி நல்ல நாள்.

மார்ச் 6
தம்பி போன் செய்தான். காலையில் அவன் நடத்தும் பள்ளி வேன்களில் ஒன்று மதிலில் மோதி, ஒரு சின்னப் பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டது. பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் முன்னமே சொல்லியிருக்கிறார். இவன்தான் "பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டிருக்கிறான்.

"அக்கா, உன் நிருபர் வந்து கேட்டுட்டுப் போனார். நாளைக்குப் பேப்பர்ல செய்தி வராம பாத்துக்கோ."

"அது என் கையில இல்லடா."

"பேப்பரே உன்னோடது!"

என்னுடையதுதான். ஆனால் விளம்பரப் பிரிவுக்கும் செய்தி அறைக்கும் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. பொறுப்பேற்ற புதிதில் நானே போட்டது. நான் அதைத் தாண்டிப் போவதில்லை. அவர்கள் தாண்டி வருவதில்லை. எதையும் வெட்டித் தள்ளுவதால் 'கத்தரி' என்று பெயரெடுத்த ஆசிரியர், அந்தக் கோட்டை நம்பித்தான் இங்கே சேர்ந்தார்.

கோடு வரை போனேன். கத்தரி நிமிர்ந்து பார்த்தார். "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மார்ச் 7
ஐயோ.

மூன்றாம் பக்கம். மேல் பாதியில் நசுங்கிய வேன். கீழ்ப் பாதியில் தம்பியின் வேன் விளம்பரம், ஈயென்று இளிக்கும் அவன் படத்தோடு: "உங்கள் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள்."

செய்தி அறைக்கு விளம்பரம், யாருடையது என்று இல்லாமல், வெறும் கட்டமாகத்தான் போகும். இரண்டும் ஒன்று சேருவது அச்சகத்தில். எல்லாம் என் ஏற்பாடு. ஆனால் நேற்று எனக்கு இரண்டுமே தெரியுமே! செய்தியில்தான் கை வைக்கக் கூடாது. விளம்பரத்தை வேறு நாளுக்கு மாற்றியிருக்கலாம். கோட்டைக் காப்பாற்றிய பெருமையில் அது உறைக்கவே இல்லை.

ஊரே சிரிக்கிறது. தம்பி மனைவி போன் செய்தாள்: "அவர் உங்ககிட்ட பேச மாட்டாராம், அண்ணி. வேணும்னே மானத்தை வாங்கிட்டீங்களாம்."

வேணும்னா? நானா? அவன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நான் --

மார்ச் 8
கத்தரி கோடு வரை வந்தார். "இனிமே கட்டத்துல யார் விளம்பரம்னு எழுதி அனுப்பிடுங்க மேடம். இன்னிக்கு ஒரு வருத்தமும் போட்டுடலாம்."

"விளம்பரம் வந்த இடம்தான் தப்பு. செய்தி தப்பில்ல. அது தெளிவா இருக்கட்டும்."

போட்டோம். தம்பியிடமிருந்து மூச்சு இல்லை.

மார்ச் 15
இன்றும் போன் வரவில்லை.

மார்ச் 19
அவன் வீட்டுக்குப் போனேன். விருந்தாளி மாதிரி ஹாலில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். அவன் மாடியிலிருந்து இறங்கவில்லை. அங்கும் இங்கும் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தப்பு அவன் வேன்ல. கோவம் மட்டும் என் மேலயா? திரும்பும் வழியெல்லாம் அழுகை. இருப்பது ஒரே தம்பி.

மார்ச் 21
அச்சு மை மாற்றினோம். கறுப்பு இப்போது கறுப்பாக இருக்கிறது.

மார்ச் 27
மதியம் விளம்பரக் கவுன்டர் வரிசையில் தம்பி! மெலிந்திருந்தான். கவுன்டர் பெண்ணை நகரச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். முறை வந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"திங்கள் முதல் ஒரு வாரம் எங்கள் வேன்கள் ஓடாது. எல்லாவற்றுக்கும் பிரேக் மாற்றுகிறோம். ஓட்டுநர் முன்பே சொல்லியும் நான் கேட்கவில்லை. அந்தக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

நாலு வரிதான். படித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

"படம் போடணுமா?"

"பட்டது போதும்."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"கடைசிப் பக்கத்துல, அடக்கமா ஒரு மூலையில போட்டுடறேன்டா."

"வேணாங்க்கா. மூணாம் பக்கத்துலயே போடு. அங்கதானே எல்லாரும் பாத்தாங்க."