தைல வாசனை

குன்னூர்
நவம்பர் 18

அன்பு மகள் வனிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் கமலேஷும் ஆக்லாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, அதை இந்த முறை கடைசியில் எழுதுகிறேன். அதற்குள் பயந்துவிடாதே, இடுப்பு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, கைத்தடியோடு வராந்தா முழுவதும் நடக்கிறேன். இந்த முதியோர் இல்லத்தில் எங்கள் போன்களெல்லாம் ஆபீஸ் அலமாரியில் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வரும். பேசும்போது வார்டன் சசிகலா பக்கத்திலேயே நிற்பாள். அவள் முன்னால் என் பிள்ளையிடம் முறையிட எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

என் அடுத்த கட்டில் தெய்வம்மாவை உனக்குத் தெரியும், நாம் வீடியோவில் பேசும்போது பின்னாலிருந்து சிரிப்பாளே, அவள்தான். சிலோன் எஸ்டேட்டில் பிறந்து, இங்கே வந்து கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்து, ஒரே மகனைப் படிக்க வைத்தவள். பக்கவாதத்துக்குப் பிறகு தானாகத் திரும்பிப் படுக்க முடியாது, வாய் மட்டும் ஓயாது. நான் தம்ளரை முகர்ந்து பார்ப்பதையும் போர்வையை விரலால் தடவிப் பார்ப்பதையும் பார்த்து, கூலிகளின் லயத்து வீடுகளைச் சோதிக்க வரும் எஸ்டேட் துரையின் மனைவி மாதிரி என்று எனக்குத் தொரசானி என்று பேர் வைத்துவிட்டாள். என்னங்க தொரசானி, இன்னைக்கு லயத்துக்கு ரவுண்டு வந்தாச்சா என்று கேட்டு வாய் கோணச் சிரிப்பாள். கான்வென்ட்டில் நகத்தைக் காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் போக வேண்டும், அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை, என்ன செய்ய.

ஐப்பசி பிறந்ததிலிருந்து இங்கே வெயிலே இல்லை. மழைக்காலத்தில் நம் வீட்டில் கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து உன் யூனிஃபாரத்தையும் சாக்ஸையும் காய வைத்துத்தான் போட்டு அனுப்புவேன், நினைவிருக்கிறதா? இங்கே ஈரம் போகாத துணியையே மடித்து அடுக்கி, அதையே மாட்டி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுவிடுகிறார்கள். குளிக்க வெந்நீர் வந்தால் உண்டு. படுத்திருப்பவர்களுக்குக் காலையில் கட்டிய டயப்பர் இருட்டும் வரை அப்படியே கிடக்கும். மாடி முழுவதற்கும் மரகதம் ஒருத்திதான் ஆள். கேட்டால், ரெண்டு கையை வெச்சுட்டு நான் யாரைங்கம்மா பாக்கறது, எனக்கு மட்டும் மூக்கு இல்லீங்களா என்று அழுகிறாள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்றத்துக்கு சசிகலா கண்டுபிடித்திருக்கும் மருந்து நீலகிரித் தைலம். தரை துடைக்கும் தண்ணீரில் தைலம், திரையில் தைலம், தலையணையில் தைலம்.

நான் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ தனியாக அலைந்து இந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, அம்மா, உள்ளே போனதுமே நம்ம வீட்டு வாசனை அடிச்சது என்று சொன்னாய். எவ்வளவு நிம்மதி அப்போது உன் முகத்தில். சளி பிடித்தால் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்க வைத்து, நெஞ்சில் தேய்த்துவிட்டு வளர்த்த மலைப் பிள்ளைகளுக்கு அந்த வாசனை என்றால் அம்மாவின் கைதான். வேறு ஊர்க்காரர் யாராவது அந்த முன்ஹாலில் நின்றிருந்தால் மூக்கைச் சுளித்து, எதை மறைக்க இவ்வளவு தைலம் என்று கேட்டிருப்பார். நம் பிள்ளைகள் கேட்பதில்லை. தெய்வம்மாவின் மகன் தினகரனும் கேட்கவில்லை. உன் அப்பா தேயிலை ஃபாக்டரியில் இலையை முகர்ந்தே பதம் சொல்வார், அவர் மூக்கும் இங்கே ஏமாந்திருக்கும். ஆகையால் நீ இதைப் படித்துவிட்டு அழக் கூடாது, இது அம்மா சொல்.

போன வாரம் தெய்வம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, தைலத்தையும் தாண்டி வேறொரு நாற்றமும் வந்தது. மரகதமும் நானும் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தோம். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண், என் உள்ளங்கை அகலம். சசிகலாவிடம் போய்ச் சொன்னேன். ஏனுங்கம்மா, வயசான ஒடம்பு அப்படித்தானுங்க இருக்கும், டாக்டர் வர்றப்ப பாக்கலாமுங்க, நீங்க உங்க கட்டிலைப் பாத்துக்கங்க என்றாள். ஞாயிறும் வந்தது. அலமாரியில் ஒரு சிவப்புக் கம்பளி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கென்றே வைத்திருப்பது. தெய்வம்மாவுக்குப் பவுடர் பூசி, பொட்டு வைத்து, குல்லா மாட்டி, கழுத்து வரை அந்தக் கம்பளியைப் போர்த்தி, திருப்பூரில் இருக்கும் தினகரனுக்கு வீடியோ போட்டார்கள். போனில் முகம் மட்டும்தான் தெரியும். மகன் எப்படிம்மா இருக்கே என்று கேட்க, இவள் அனலாகக் கொதித்துக்கொண்டு, நல்லா இருக்கேன் சாமி, நீ சாப்ட்டியா என்கிறாள். நான் எழுந்து போய் அவள் காதில், காட்டட்டுமா என்று கேட்டேன். மகன் முன்னால் அவளுக்கும் மானம் இருக்கிறது அல்லவா? கண்ணை இறுக மூடிக்கொண்டு, காட்டுங்க தொரசானி என்றாள். கம்பளியை விலக்கினேன், மரகதம் வந்து அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். சசிகலா போனைத் திருப்பப் போனாள், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. தினகரா, நாற்றம் போனில் வராது, கண்ணால் பார் அப்பா என்றேன்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். ஹாலில் நின்று, இந்த வாசத்தை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், புண்ணைச் சுத்தம் செய்துவிட்டார்கள், காய்ச்சல் இறங்குகிறது, ஆற நாளாகுமாம். தொரசானி ரவுண்டு வராம வார்டே சரியில்லைன்னு சொல்லு என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் கட்டிலை உதறி, மெத்தையைத் திருப்பிப் போட்டு, மேலே தைலம் தெளித்தாயிற்று, அடுத்த ஆளுக்குத் தயார். என்னை இந்த மாதத்தோடு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள் சசிகலா. விஷயம் கேள்விப்பட்டு குந்தாவிலிருந்து உன் எல்லப்பன் சித்தப்பா நேரில் வந்து, அண்ணி, ஒண்ணும் பேசாம ஊட்டுக்குக் கெளம்பி வந்துருங்க என்று சத்தம் போட்டார். யாருக்கும் பாரமாக இருக்க எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் நீ வரும் வரை போய் இருக்கிறேன். புறப்படும் முன் அந்தக் கட்டிலுக்கு வருகிறவளின் பிள்ளைகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவேன்.

தெய்வம்மாவின் துணிகளை எடுக்க தினகரன் இன்று வருகிறான். கடிதத்தைப் போட்டோ எடுத்து உடனே உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். பிறர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று சொல்லித்தான் கொடுக்கப் போகிறேன். கமலேஷைத் தமிழில் ஒரு வரி எழுதச் சொல், தப்பு இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்தி அனுப்புகிறேன். மூன்று பேருக்கும் என் ஆசி, ஆண்டவன் உங்களைக் குளிரிலும் நோயிலும் காக்கட்டும்.

கடைசியில் எழுதுகிறேன் என்றேனே, நான் சுகம்தான். ஆனால் அதை எழுத்தில் பார்த்து நம்பாதே, போனில் கேட்டும் நம்பாதே. அடுத்த இடத்துக்கு நாம் இருவரும் சேர்ந்து போவோம், சொல்லாமல் போவோம், பின்வாசல் வழியாகப் போவோம். நான் எங்கே இருந்தாலும் நீ வந்ததும் முதலில் என்னைக் கட்டிக்கொள்ளாதே வனிதா. என் கம்பளிக்குள் கையை விட்டு, படுக்கை காய்ந்திருக்கிறதா என்று பார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் அப்படித்தான் பார்ப்பேன்.

உன் அம்மா,
கோகிலவாணி