ஆயிரத்துக்குக் குறைந்தால் இல்லை

மார்ச் 4
எங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு யாரும் அளவு எழுதிக் கொண்டுவருவதில்லை. பொருளையே கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். நான் டேப்பைப் பிடித்து அளந்து, நாற்பதோ ஐம்பதோ செய்து கொடுப்பேன். காலையில் செருப்புக் கடைக்காரர் ஒற்றைச் செருப்போடு வந்தார். பிறகு தங்கச்சி, தன் கடைக் கேக்கோடு. அளந்து முடித்ததும் நாங்களே தின்று தீர்த்தோம். அளக்கத்தான் கொண்டுவந்தாளாம், கள்ளி! நான் பசி தாங்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் 19
ஊருக்கு வெளியே வந்திருக்கும் விளக்குக் கம்பெனியின் மேலாளர் தேடி வந்தார். மாதம் இருபதாயிரம் பெட்டி, எல்லாம் ஒரே அளவு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் எங்கே, இருபதாயிரம் எங்கே!

மார்ச் 27
கம்பெனி ஆர்டருக்காக வாங்கிய பெரிய இயந்திரத்துக்கு இடம் வேண்டியிருந்தது. சுவர் முழுக்க மாட்டியிருந்த, பெட்டி வெட்டும் அச்சுகளை – கடைக்கு ஒன்றாகப் பதினொரு வருஷம் செய்து சேர்த்தவை – பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். கதவில் எழுதி ஒட்டினேன்: ஆயிரத்துக்குக் குறைந்தால் ஆர்டர் எடுப்பதில்லை.

ஏப்ரல் 2
தங்கச்சி வாசலில் நின்று அதைப் படித்தாள். “எனக்கும் சேர்த்துத்தானா அக்கா?”
ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றேன். கொண்டுவந்த கேக்கை மேஜையில் வைக்காமலே திரும்பிப் போனாள். போகட்டும். ரெண்டு நாளில் சரியாகிவிடுவாள்.

மே 11
சரியாகவில்லை. வெளியூரிலிருந்து வாங்கிய பெட்டிகள் அவள் கேக்குக்குப் பொருந்தவில்லையாம். வாங்கினவர்கள் வீட்டுக்குப் போய்த் திறந்தால் கேக் ஒரு பக்கம், க்ரீம் ஒரு பக்கம். பிறந்தநாள் ஆர்டர்கள் நின்றுபோய், கூட வேலைசெய்த இரண்டு பெண்களையும் அனுப்பிவிட்டாள். டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நான் என்ன செய்ய? நானும் பிழைக்க வேண்டாமா?

ஜூலை 8
இந்த மாத இருபதாயிரமும் சொன்ன தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை.

செப்டம்பர் 15
கம்பெனி வேறு ஊருக்குப் போகிறதாம். அங்கே மின்சாரம் மலிவாம். ஒரே ஒரு கடிதம், அதிலும் என் பெயர் தப்பு. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

செப்டம்பர் 18
கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். கேக் கடை பூட்டிக் கிடக்கிறது. கேக் வாங்க வருகிறவர்கள் அப்படியே செருப்பும் பார்ப்பார்கள், டீயும் குடிப்பார்கள். இப்போது அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. செருப்புக் கடையில் பாதி அலமாரி காலி. டீக்கடைக்காரர் மட்டும், “உட்காரும்மா” என்று டீ கொடுத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 22
தங்கச்சி வீட்டுக்குப் போனேன். புது அச்சு செய்கிறேன், பத்துப் பெட்டி கேட்டாலும் செய்கிறேன் என்று அழுதேன். தண்ணீர் கொடுத்தாள், என் கண்ணையும் துடைத்துவிட்டாள்.
“ஆர்டர் எடுக்கலைங்கறது பரவாயில்லக்கா. என் அச்சைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”
தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அக்டோபர் 6
தங்கச்சி பட்டறைக்கு வந்தாள்! ஆறு மாதம் கழித்து. ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தேன். பெட்டி வேண்டும் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில், எந்தக் கேக்குக்கு, வட்டமா, சதுரமா என்று அடுக்கிக்கொண்டே போனேன்.
“கேக்குக்கு இல்லக்கா. பாத்திரம், துணிமணி எல்லாம் கட்டணும். அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. வியாழக்கிழமை கிளம்பறோம்.”
எத்தனை என்றேன். பதினைந்து போதுமாம்.

அக்டோபர் 8
இருபது செய்தேன். அடியில் இரட்டை அட்டை, ஓரமெல்லாம் இரண்டு தடவை ஒட்டினேன். பாத்திரம் கனமாக இருக்கும், வழியில் பிரிந்துவிடக் கூடாது. நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.