கடைசி வரிசைக்குக் கேட்கணும்

இன்று காலை நம் தியேட்டரைப் பெருக்கிவிட்டு இடது பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சுவரை மூடிய கம்பளி கன்னத்தில் உரசியது, அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உன் பீரோவைத் திறந்தால் வருமே, அதே வாசனை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீ பார்த்திருந்தால், "எழுந்து வேலயப் பாருடி, சும்மா மூக்கச் சிந்திக்கினு" என்று விரட்டியிருப்பாய்.

படம் ஓடாமல் பூட்டிக்கிடந்த தியேட்டரை நாடகம் போடுகிற இடமாக்கலாம் என்று ஊர்க்காரர்கள் கூடியபோது, நீயும் நானும்தான் முதலில் துடைப்பத்தோடு போய் நின்றோம். முதலியார்பேட்டையில் பிளவுஸ் தைக்கிற எனக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, சொல்தாவாக, இருந்தவரின் வீட்டுக்காரி உனக்கும் என்ன பொருத்தம் என்று என் மகனே கேட்டான். வாயாடிக்கு வாயாடி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வௌவால் எச்சம் சுரண்டினோம், கிழிந்த சீட்டுகளைக் கழற்றினோம். நீ ரொட்டியும் பிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவருவாய். யாராவது வேலையை விட்டுக் கதையடித்தால் "சிலான்ஸ்!" என்று பிரெஞ்சில் ஒரு அதட்டல் போட்டு வாயை மூடவைப்பாய். பட்டாளத்தில் இருந்தது உன் வீட்டுக்காரரா நீயா என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

ஒருநாள் டிக்கெட் கவுண்டர் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்.

"வலது காது எப்பவோ போச்சுடி. இடதும் ரொம்ப நாளு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு நாடகத்த முழுசா கேட்டுடணும். நம்ம ஊரு பேச்சு, மனுசங்க வாயிலேர்ந்து நேரா வரணும். மைக்குல வந்தா என் காதுல கொரகொரன்னுதான் வுழுது."

பிரான்சில் இருந்த அத்தனை வருஷமும் பகலெல்லாம் தமிழ் பேச ஆளில்லாமல் சுவரோடு பேசினாயாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்து அழுத்தினாய். அதற்கப்புறம் ஒத்திகை எதுவானாலும் கடைசி வரிசைதான் உன் இடம். "எனக்குக் கேட்டா ஊருக்கே கேக்கும்" என்று எல்லோரிடமும் அறிவித்தும் விட்டாய். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெயிண்ட் கூத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சுவர் நெடுகப் பொத்தல் பொத்தலாகப் பழைய அட்டைகள் அடித்திருந்தன. பூச்சி அரித்து அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லோருமாகச் சேர்ந்து பிய்த்தெறிந்தோம். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கத்தான் அதை அடித்திருந்தார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வழுவழுவென்று சிமெண்ட் பூசி, கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகளின் மஞ்சள்தான் வேண்டும் என்று நீ அடம்பிடித்ததால் பளபளக்கும் மஞ்சள் பெயிண்டும் அடித்தோம். அழகென்றால் அப்படி ஒரு அழகு! நாடகத்தில் எனக்கும் ஒரு வேஷம், மேடையேறி வசனத்தைத் தொடங்கினேன்.

"மோந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையிலிருந்து அலறினாய். "இன்னாடி, நீ ஒருத்தி பேசுறியா, கூட நாலு பேரு பேசுறாங்களா?"

கிணற்றுக்குள் பேசியது போலத்தான் இருந்தது. டைரக்டர் தம்பி, "வேற வழியில்லம்மா, மைக் வச்சிக்கலாம்" என்றான். உன் முகம் அப்படியே வாடிப்போனது. எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

அந்த வாரம் பேய்மழை. கூரை ஒழுகி, தரையில் விரித்திருந்த ஜமுக்காளமெல்லாம் ஊறிப்போயிற்று. வெளியே காயப்போட வழியில்லாததால், வேலைக்கு வந்த குருசுக்குப்பத்து அண்ணன்மார் உள்ளேயே சுவரோரம் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அது காயட்டும், நாம் ஒத்திகை பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். நாலு வசனம்கூடப் போகவில்லை, நீ எழுந்து நின்றுவிட்டாய்.

"ஏய், இப்ப கேக்குதுடி! ஒவ்வொரு சொல்லும் கேக்குது! யாரும் அந்தத் துணியில கைய வைக்காதீங்க!"

அப்புறம் என்ன, வீடு வீடாகப் போய்ப் பழைய புடவை, போர்வை என்று வாங்கி வந்தோம். நான் அடுக்கடுக்காக வைத்துத் தைத்துச் சுவருக்கு மெத்தை போட்டேன். நீ பிரான்சிலிருந்து கொண்டுவந்த கம்பளிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாய். "இந்த வெக்கையில இத்த நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றாய். உன் ஆசை மஞ்சள் பெயிண்டை மறைத்து முதல் கம்பளியை நீயே மாட்டினாய்.

அதுவரை ஒத்திகை பார்த்தது முதல் காட்சி ஒன்றுதான், அதை மட்டும்தான் நீ கேட்டாய். தெருக்குழாயடியில் இரண்டு ஓரகத்திகள் மல்லுக்கு நிற்கிற கதை. கையைத் தட்டிச் சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாய். நான் இரண்டாம் காட்சியைத் தொடங்கப்போனால், "வேணாம், சொல்லிடாத. மீதிய நாடகத்தன்னைக்கே புதுசா கேட்டுக்கறேன்" என்று தடுத்துவிட்டாய். பாவி, அன்றே கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? அடுத்த வாரம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. காதைப் பற்றித்தான் நீயும் பயந்தாய், நானும் பயந்தேன்.

நாடகத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. குழந்தைகள் ஒரே கூச்சல். தம்பி பதறிப்போய் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எடுத்துனு போடா, அவளுக்கு அது ஆவாது" என்று கத்தினேன். அவன் மைக்கை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டாம் காட்சியில் எனக்கு ஒரு வசனம். குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போகிறவள் திரும்பிச் சொல்வாள்: "தண்ணி வந்தா ஒரு குரல் குடுங்கடி, நான் செத்துக் கெடந்தாலும் எழுந்து வந்துடுறேன்!"

ஹாலே சிரித்தது. நான் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டேன். யாரோ ஒருத்தி மடியில் குழந்தையோடு உன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடுத்த வசனம் வரவில்லை. ஓரகத்தியாக நடித்தவள் என் கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். சண்டைக் காட்சி என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மீதி நாடகம் முழுக்க உனக்குத்தான் சொன்னேன், ஒரு வார்த்தையையும் விழுங்காமல்.

நாடகம் முடிந்து நாளாகிவிட்டது. ஆனாலும் குரல் இறங்க மாட்டேன் என்கிறது. ரேஷன் கடையில் திரும்பிப் பார்க்கிறார்கள். "ஏம்மா கத்துற, பக்கத்துலதான இருக்கேன்" என்கிறான் மகன். நான் என்னடி செய்ய? நீ கடைசி வரிசையையும் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டாய்.